பைக்கில் ஜி.பி.எஸ்.: பயம் ஒரு பக்கம், பழுது மறுபக்கம்

சென்னை ஜி.பி. ரோட்டில் பைக் சாமான் விற்கும் கடைகளின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் போதும். ஹேண்டில்பாரில் போனோ ஜி.பி.எஸ். கருவியோ மாட்டுவதைப் பற்றி ஊரில் உலவும் அத்தனை கருத்தும் காதில் விழுந்துவிடும். "சார்ஜர் போட்டா பேட்டரி போயிடும் சார்" என்பார் ஒருவர். "ஏதாவது ஒரு வயர்ல சேர்த்துட்டா போதும் தம்பி, ஓடும்" என்பார் பக்கத்துக் கடைக்காரர். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஓடும் வண்டியில் சார்ஜ் போட்டால் பேட்டரி இறங்கிவிடும்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் யூ.எஸ்.பி. சார்ஜர் போனுக்குக் கொடுப்பது 10 வாட். சார்ஜருக்குள்ளேயே சூடாகி வீணாவதையும் சேர்த்தால் வண்டியிலிருந்து சுமார் 12 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் அது 1 ஆம்பியர். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் 35 வாட். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டிகளில் அந்த விளக்கை அணைக்க ஸ்விட்சே கிடையாது, பட்டப்பகலிலும் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதைக் கண்டு பயப்படாத நாம் அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்துக்குப் பயப்படுகிறோம்.

இன்ஜின் ஓடும்வரை மின்சாரம் தருவது அதனோடு சுற்றும் மேக்னட்டும் காயிலும்தான். பேட்டரி சும்மா கூட நிற்கிறது. நெரிசலில் நெடுநேரம் ஐடிலிங்கில் நிற்கும்போது காயில் தரும் மின்சாரம் குறையும், அப்போது பேட்டரியும் கொஞ்சம் கை கொடுக்கும். வண்டி நகர்ந்ததும் அது ஈடாகிவிடும். ஏற்கெனவே செல்ஃப் எடுக்கத் திணறும் பழைய பேட்டரியாக இருந்தால்தான் இந்தக் கூடுதல் சுமை தெரியும். அது சார்ஜர் செய்த குற்றம் அல்ல.

நம்பிக்கை: பேட்டரியில் நேராகக் கொடுப்பதுதான் சுத்தமான வேலை

பேட்டரி இறங்கும் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. சாவியை அணைத்துவிட்டு நாம் வீட்டுக்குள் போன பிறகு.

நேராக பேட்டரியில் இணைத்த சார்ஜர், போன் இல்லாவிட்டாலும் தூங்குவதில்லை. அதன் மேல் நீல விளக்கோ, வோல்ட் காட்டும் சிவப்பு எண்களோ இருந்தால் அவையும் எரிந்துகொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அற்பம்தான். ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-அவர். 100 சி.சி. வண்டிகளில் இருப்பது 3, 4 ஆம்பியர்-அவர் பேட்டரி. நாலே நாளில் பாதி காலி. 8 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள 350 சி.சி. வண்டியானாலும் தீபாவளிக்கு ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் செல்ஃப் பட்டனை அமுக்கும்போது 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். லெட்-ஆசிட் பேட்டரியை இப்படிக் காலியாகவே கிடக்க விட்டால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து உறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது.

ஆகவே சார்ஜர் சாவியோடு சேர்ந்து எரிந்து சாவியோடு சேர்ந்து அணைய வேண்டும். அதற்கு இரண்டு வழி. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் டி.சி. வயரிலிருந்து எடுப்பது ஒன்று. பேட்டரியிலிருந்தே எடுத்து, நடுவில் சாவி இயக்கும் ரிலே வைப்பது இன்னொன்று. ஒரே ஒரு போன் சார்ஜருக்கு முதல் வழியே போதும். ஃபாக் லைட்டும் சேர்த்துப் போடுகிறவர்கள் ரிலே வைத்துக்கொள்ளட்டும்.

பேட்டரியிலிருந்து எடுத்தால் பிளஸ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் வர வேண்டும். 2 அல்லது 3 ஆம்பியர் போதும். ஃப்யூஸ் போனைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைத்துக்கொண்டு, அதைச் சார்ஜர் பக்கத்தில், ஹேண்டில்பாருக்குக் கீழே வைக்கிறார்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. டேங்குக்கு அடியில் வயரின் தோல் உரிந்து சேசிஸில் பட்டால் பேட்டரியின் முழு பலமும் அந்த மெல்லிய வயர் வழியே பாயும். மேலே பெட்ரோல் இருக்கிறது. அந்த இடத்துக்கு அப்பால் ஃப்யூஸ் இருந்து என்ன பயன்?

வேலையைத் தொடங்கும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸ் முனையில் இருக்கும் ஸ்பேனர் தவறி சேசிஸில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது.

நம்பிக்கை: ஹெட்லைட் வயர் பக்கத்திலேயே இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்

கடைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த குறுக்கு வழி இது. ஹெட்லைட் குடத்தைக் கழற்றினால் வயர்கள் கையில் வந்து நிற்கும், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிரச்சினை என்னவென்றால், நம்மூர் சாலைகளில் ஓடும் பல பழைய 100 சி.சி., 125 சி.சி. வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும்தான் பேட்டரியின் டி.சி.யில் வேலை செய்யும்.

கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். சாவியைப் போட்டு, இன்ஜினை எடுக்காமல் பாருங்கள். ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட் எரியவில்லை. இன்ஜினை எடுத்ததும் விளக்கு மங்கலாக வந்து, ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்கப் பளிச்சென்று ஆகிறது. அப்படியானால் அது பெரும்பாலும் ஏ.சி. விளக்குதான். டி.சி.க்கென்று செய்த சார்ஜரை அதில் கொடுத்தால், உள்ளே தடுப்பு டயோடு இல்லாத மலிவுச் சரக்கு அன்றைக்கே கருகும். டயோடு இருந்தால் போன் சார்ஜ் ஆவதும் நிற்பதுமாகக் கண் சிமிட்டும். வாங்கிய கடையில் "பீஸ் சரியில்லை" என்று இன்னொன்று கொடுப்பார்கள். அதுவும் போகும்.

வயரைச் சேர்க்கும் விதமும் முக்கியம். தோலைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினால் இரண்டு மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும். ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் ஏற்றுவது நல்லது. ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவுக்கு வயரில் தளர்வு விட வேண்டும். ஸ்டியரிங் கழுத்தில் மடங்கி மடங்கி அறுந்த வயர்கள்தான் பழுதுக்கு வருவதில் பாதி. வாரண்டியில் இருக்கும் வண்டியில் கம்பெனி வயரை வெட்டவே வெட்டாதீர்கள்.

நம்பிக்கை: கெட்டியாக இறுக்கிவிட்டால் போனுக்கு ஒன்றும் ஆகாது

விழாது, சரி. ஆனால் போனைக் கெடுப்பது குழியில் விழும் தூக்கிப்போடல் அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அதிர்வு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வில் ஐபோனை நெடுநேரம் வைத்தால் கேமராவின் திறன் குறையலாம். ஸ்கூட்டர், மொபெட்டில் அதிர்வு குறைவுதான், அதிலும் அதிர்வு தணிக்கும் மவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. காரணம், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் கேமராக்களில் லென்ஸ் ஓரிடத்தில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதில்லை. காந்தங்களின் பிடியில் நகரும்படி நிற்கிறது. இதே அமைப்பு உள்ள ஆண்ட்ராய்டு போன்களுக்கும் இது பொருந்தும். பாதிக்கப்பட்ட போனின் கேமராவைத் திறந்தால் படம் திரைக்குள்ளேயே துடிக்கும், ஃபோகஸ் நிற்காமல் முன்னும் பின்னும் அலையும், காதருகே வைத்தால் சன்னமான ரீங்காரம் கேட்கும்.

ஹேண்டில்பாருக்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய டியூபை வெட்டி வைத்தால் போதும் என்பது இதன் கிளை நம்பிக்கை. அந்தத் துண்டு வழுக்காமல் பிடிக்கும், கீறல் விழாமல் காக்கும். திருகி இறுக்கிய மெல்லிய ரப்பர் கிட்டத்தட்ட மரத்துக்குச் சமம், அதிர்வைத் தடுக்காது. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 83 முறை குலுக்குகிறது. அதை வடிகட்ட வேண்டுமென்றால் போன் அதைவிட வெகு மெதுவாக ஆடக்கூடிய மெத்தையில் மிதக்க வேண்டும். நல்ல டாம்ப்பர்களில் நாலு மூலையிலும் இருக்கும் சிலிக்கோன் குமிழ்களின் வேலை அதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படிப்பட்ட மவுண்டில் ஐடிலிங்கில் போன் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடும். மெத்தையின் சொந்த ஆட்டமும் இன்ஜினின் மெதுவான குலுக்கலும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் அப்படி. வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். சிக்னலில் ஆடுவதைப் பார்த்து "இது சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடாத மவுண்ட் வாங்கிக் கேமராவைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாட்டும் இடத்திலும் வித்தியாசம் உண்டு. கண்ணாடித் தண்டு வசதியாகத் தெரியும். ஆனால் தண்டு நீள நீளக் கோடியில் ஆட்டம் கூடும், போனின் கனத்தில் கண்ணாடியும் தளரும். ஹேண்டில்பாரின் நடுவில், ஸ்டியரிங் கிளாம்புக்கு ஒட்டி மாட்டுங்கள்.

நம்பிக்கை: வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது, மழையைப் பற்றிக் கவலையில்லை

ஐ.பி.எக்ஸ்.7 என்றால் அசையாத நல்ல தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். எதிர்க்காற்றில் அடிக்கும் மழைக்கும் வாட்டர் சர்வீஸ் கடையின் பீச்சுக்கும் அந்தச் சான்று எதுவும் சொல்வதில்லை. கேபிள் சொருகியபடி போனின் ஓட்டையில் ஈரம் இறங்கினால், மின்சாரம் பாய்வதால் பின்கள் வேகமாக அரித்துப் போகும். மழை வந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கார்மின் ஜூமோ போன்ற பைக்குக்கென்றே செய்த கருவிகள் இங்கேதான் விலைக்கு நியாயம் செய்கின்றன. அவற்றில் மின்சாரம் தொட்டிலில் உள்ள உலோக முனைகள் வழியாக ஏறும், ஓட்டுகிறபோது சொருக வேண்டிய ஓட்டையே கிடையாது. கையுறையோடு திரையையும் தொடலாம். லடாக், ஸ்பிடி என்று வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு அது செலவல்ல. அலுவலகத்துக்குப் போய்வருகிறவருக்கு ஆடம்பரம்தான்.

மழையைவிட நம்மூர் வெயில் பொல்லாதது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் உகந்த வெப்ப எல்லையே 35 டிகிரி. மே மாதம் வேலூரில் என்ன ஆகும்? திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். வயர்லெஸ் சார்ஜர் மவுண்ட் கூடுதல் சூட்டை உண்டாக்கும் என்பதால் கோடையில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நம்பிக்கை: டவர் போனால் ஜி.பி.எஸ். போச்சு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியில் போன் சிக்னல் போனதும் பலர் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். ஜி.பி.எஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கிக்கொள்வது மட்டுமே. அதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். நெட் வேண்டியது வரைபடத்துக்கு. கிளம்பும் முன் வீட்டிலேயே அந்த மாவட்டத்தின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் நீல அம்பு மலையுச்சிவரை கூடவே வரும். டிராஃபிக் தகவல் மட்டும் வராது. நெட் இல்லாமல் புதிதாகத் தொடங்கினால் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம், பொறுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு நம்பிக்கை உண்டு: வண்டியிலேயே நேவிகேஷன் இருக்கிறது, போன் எதற்கு? ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியார் 350 உடன் கொண்டுவந்த டிரிப்பர் வட்டம் தானாக வழி கண்டுபிடிப்பதில்லை. பையில் இருக்கும் போன் புளூடூத்தில் அனுப்புவதை அது காட்டுகிறது. போன் அணைந்தால் அம்புக்குறியும் அணையும். ஆகவே சார்ஜர் கணக்கு அங்கேயும் உண்டு.

நம்பிக்கை: ஹேண்டில்பாரில் போன் இருந்தால் போலீஸ் பிடிக்கும்

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த இடம் தருகிறது. பேசுவதற்கும் வாட்ஸ்அப் பார்ப்பதற்கும் அல்ல. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போய்விடும். குரலை ஹெல்மெட்டுக்குள் கேட்கும்படி வைத்துக்கொண்டு, திரையை நிற்கும்போது பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து கருவி வரவழைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவிக்குத் தடையில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை அரசு அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம்.

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள் என்பதுதான். அங்கே கிடக்கும் பழைய, மலிவான போனில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸ் பெரும்பாலும் இருக்காது, கெட்டால் மனசும் கெடாது. சிம் இல்லாமலே வழி காட்டும், நெட் வேண்டுமானால் சட்டைப்பை போனிலிருந்து ஹாட்ஸ்பாட். ஒன்று மட்டும்: அதன் பின்மூடி லேசாக மேலெழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது. அதை வெயிலில் மாட்டாதீர்கள், பேட்டரியை மாற்றிய பிறகு மாட்டுங்கள்.