பழைய பூட்டைத் திருத்துதலும் பூட்டு ஆசாரியின் திறமையும்

முன்னாளில் நாணயச் சங்கம் என்று வழங்கி, இந்நாளில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் எனப் பெயர் பூண்டிருக்கும் நமது கிராமச் சங்கங்கள், அங்கத்தினரின் நகைகளை ஈடாகப் பெற்றுக்கொண்டு கடன் கொடுத்து வருகின்றன. ஓமலூர்ப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடியானவர் ஒருவர், விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டி வீட்டாரின் சங்கிலியையோ வளையலையோ சங்கத்தில் வைக்கிறார். அறுவடை முடிந்து கடனைக் கட்டும் வரையில் அந்த நகைக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே நிற்பவை ஒரு கதவும், ஒரு பெட்டியும், சில பூட்டுகளுமேயாம். ஆதலால் பூட்டைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பிரயோஜனமானதே.

சங்கத்தில் காரியதரிசி மாறும்பொழுது நடப்பது யாது? சாவிக்கொத்து கைமாறுகிறது, கையொப்பம் வாங்கப்படுகிறது, அத்துடன் காரியம் முடிந்ததென்று பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஒப்படைத்த சாவிகள் எத்தனை என்பது புத்தகத்தில் ஏறும். அச்சாவியைப் பார்த்துச் செய்த வேறு சாவி எங்கேனும் உண்டா என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. விலகிச் செல்பவர் நேர்மையுள்ளவராகவே இருக்கலாம்; பெரும்பாலோர் அத்தகையோரே. எனினும் ஓராண்டு கழித்து ஒரு பொட்டலம் குறைந்தால், பொறுப்பிலிருப்பவர் மீது விழும் சந்தேகம் விலகியவர் மீதும் விழும். அவர் தம் நேர்மையை நிரூபிக்க வழியும் இராது. அவர் சென்ற அன்றே பூட்டைத் திருத்திச் சாவியை மாற்றிவிட்டால், பழைய சாவி யாரிடம் இருந்தாலும் வெறும் இரும்பாகிவிடும். பூட்டைத் திருத்துவதால் சங்கத்தின் சொத்து காக்கப்படுவதோடு, விலகியவரின் மானமும் காக்கப்படுகிறது. இதைப் பஞ்சாயத்தார் பலர் கவனிப்பதில்லை.

சாவி போனால் பூட்டையே எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதே இப்பொழுது வழக்கமாகிவிட்டது. அற்ப விலைப் பூட்டுக்கு அது தகும். கனத்த பித்தளைத் தகடுகள் உள்ள பழைய பூட்டுக்கு அது தகாது. அத்தகைய பூட்டை எறிந்துவிட்டு அதைவிட மட்டமான புதுப்பூட்டை விலை கொடுத்து வாங்குவது சங்கத்துக்கு இரட்டை நஷ்டம். இது விளங்கவேண்டுமானால் பூட்டின் உள்ளே இருப்பது இன்னதென்று தெரிய வேண்டும்.

பூட்டின் மேல் 6 லீவர், 7 லீவர் என்று பொறித்திருப்பதை அங்கத்தினர் பார்த்திருக்கலாம். லீவர் என்பது ஒரு மெல்லிய உலோகத் தகடு. நல்ல பூட்டில் துருவேறாதபடி அதைப் பித்தளையில் செய்வார்கள். இத்தகடுகள் ஓர் ஆணியிற் கோக்கப்பட்டு, ஓலைச்சுவடியின் ஏடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டின் நடுவே ஒரு வெட்டு உண்டு. தாழில் ஒரு முளை உண்டு. எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே நேராக வந்து நின்றாலன்றி முளை அவற்றினுள் நுழையாது. முளை நுழைந்தாலன்றித் தாழ் நகராது. சாவியிலுள்ள ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்குகிறது. குறைவாகத் தூக்கினாலும் பிழை; அதிகமாகத் தூக்கினாலும் பிழை. இவ்வாறு இரு புறமும் பிழை நேரும்படி அமைத்த லீவர் பூட்டை 1778-ஆம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் பாரன் என்பவர் பதிவு செய்தார். அதற்கு முன் வழங்கிய பூட்டுகளிற் பல, சாவி செல்லும் வழியில் அசையாத தடைகளை மட்டும் உடையவை. தடைகளுக்குத் தப்பிச் செல்லும் ஒல்லியான கம்பி ஒன்றே அவற்றைத் திறக்கப் போதும். பழைய வீடுகளின் பெட்டிகளில் அத்தகைய பூட்டு இன்றும் இருந்தால், அதை அலங்காரமென்று கருதுக.

இனிச் சாவியை மாற்றும் விதத்தைச் சொல்லுவோம். ஆசாரி பூட்டின் மூடியைத் தறைந்திருக்கும் ஆணிகளை எடுத்துத் தகடுகளை வரிசை பிசகாமல் வெளியே எடுப்பார். மிக எளிய வழி, அதே தகடுகளை வேறு வரிசையில் அடுக்கி, அவ்வரிசைக்கு ஏற்பப் புதுச் சாவி வெட்டுவதாம். நான்கு தகடுகளும் நான்கு விதமாக இருக்குமானால் அவற்றை 24 வகையில் அடுக்கலாம். பழைய அடுக்கு நீங்க 23 மிஞ்சும். ஆறு தகடுகள் ஆறு விதமாக இருந்தால் 720 வகை. ஒரு காசும் செலவிட்டுப் புதுப் பொருள் வாங்காமலே பழைய பூட்டு வேறொரு பூட்டாகிவிடுகிறது. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. உயரத்தில் மயிரிழை வித்தியாசமே உள்ள இரண்டு தகடுகளை மட்டும் இடம் மாற்றினால், தேய்ந்த பூட்டில் பழைய சாவியே சற்று அசைத்த மாத்திரத்தில் திறந்துவிடக்கூடும். திறமையுள்ள ஆசாரி மிகவும் வேறுபட்ட தகடுகளையே இடம் மாற்றுவார். கதவின் உட்புறம், வெளிப்புறம் இரண்டிலிருந்தும் ஒரே சாவியால் திறக்கும் பூட்டாக இருந்தால், சாவியின் பற்கள் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே மாற்றும் வகைகள் மிகக் குறைந்துவிடும். அங்கே தகடுகளில் சிலவற்றையே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

மற்றொரு வழி, சாவி தொடுகின்ற அடிவிளிம்பில் தகட்டைச் சிறிது அராவுதல். விளிம்பு குறைந்த அளவுக்குப் புதுச் சாவியின் பல் உயர வேண்டும்; பழைய சாவி அந்தத் தகட்டைப் போதிய உயரத்துக்குத் தூக்காது. இது நேர்மையான வேலை. இதற்கு நேர்மாறாக, அவசரக்காரர் சிலர் தகட்டின் நடுவிலுள்ள வெட்டையே அரத்தால் அகலப்படுத்திவிடுவர். புதுச் சாவி உடனே இலகுவாகத் திரும்பும், சொந்தக்காரருக்கும் சந்தோஷமே. ஆயினும் அந்தத் தகடு அன்று முதல் காவல் செய்வதில்லை. பழைய சாவி, பக்கத்து வீட்டுச் சாவி முதலியவைகூட அதைத் தாண்டிச் செல்லும். ஏழு லீவர் என்று மேலே எழுதியிருந்தும் உள்ளே உழைப்பவை இரண்டே என்னும் நிலைமை இவ்விதமே உண்டாகிறது. வெளியே பார்த்து இதை அறிய முடியாது. ஆதலால்தான் பூட்டு வேலையில் ஆளைத் தெரிந்து கொடுப்பது அவசியமாகிறது.

பூட்டு வேலையென்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது திண்டுக்கல். அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே பூட்டுச் செய்து வந்திருக்கிறார்கள். மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு அவர்களுடைய கைவேலையிற் பேர்பெற்றது. மாம்பழத்துக்குப் பேர்போன சேலம் ஜில்லாவினரான நமக்கு அப்பெயர் மறக்காது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள் என்பது நமது அங்கத்தினர் அறிய வேண்டிய விஷயம். எனினும் அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் மலிவு விலையோடு கைப்பூட்டு போட்டியிட முடியாமற் போகவே, பட்டறைகள் பல மூடப்பட்டன. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரேஜ் 1897-இல் பூட்டுத் தொழில் தொடங்கிய காலம் முதல் இயந்திரப் பூட்டும் நம் நாட்டிலேயே உண்டாகி வருகிறது. அதில் நல்லனவும் உண்டு. இயந்திரத்தைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. கையால் பூட்டுச் செய்தவரே பூட்டைத் திருத்தவும் வல்லவர். செய்பவர் குறையும்பொழுது திருத்துபவரும் குறைகிறார் என்பதே கவலைக்குரியது.

நல்ல ஆசாரியை அறிவது எங்ஙனம்? எத்தனை விரைவில் பூட்டைத் திறக்கிறார் என்பதைக் கண்டு வியப்பவர் பலர். திறத்தல் அவருடைய வேலையில் ஒரு சிறு பகுதியே. சாவி தொலைந்த பூட்டுக்குச் சாவி செய்யும்பொழுது, அவர் வெற்றுச் சாவியை விளக்குப் புகையிற் கறுப்பாக்கி உள்ளே விட்டுத் திருப்பி, கரி எங்கெங்கே உரசிப்போயிருக்கிறதென்று பார்த்து, அங்கங்கே ஓர் இழை அராவி, மறுபடியும் புகை பிடித்து விடுகிறார். பத்து முறையானாலும் அவசரப்படமாட்டார். ஓர் இழை அதிகமாக அராவினால் அந்தச் சாவி வீண் என்பது அவருக்குத் தெரியும். கண்ணைவிட விரலே அவருக்கு ஆசான். தகடு இளகுகிறதா, வில் சோர்ந்ததா, தாழ் துருவில் ஒட்டியதா என்பதைச் சாவியைத் திருப்பும் கையினாலேயே உணர்வார். பலத்தால் திருப்புகிறவர் சாவியை உள்ளே ஒடித்துவிடுவார். அதன்பின் வேலை இரட்டிப்பாகும்.

இன்னும் ஓர் அடையாளம் உண்டு. பூட்டைக் கொண்டுவந்தவர் யார், அது யாருடையது என்று கேட்பவரே தக்க ஆசாரி. ஈரச் சோப்பிலோ மெழுகிலோ பதித்த அச்சை மட்டும் கொண்டுவந்து சாவி கேட்பவரைத் திருப்பி அனுப்புவார். சங்கத்தின் பூட்டானால் பஞ்சாயத்தாரின் தீர்மானத்தைக் காட்டும்படி கேட்பார். அவ்விதம் கேட்டால் நாம் கோபிக்கலாகாது. அவர் கேளாமல் செய்து கொடுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

பூட்டின் இரகசியங்களை இப்படிப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். இந்த வாதம் புதியதன்று. 1851-இல் லண்டன் மாநகரில் நடந்த பெரிய பொருட்காட்சியின்போது அமெரிக்கரான ஆல்பிரட் ஹாப்ஸ் என்பவர், கள்வருக்கு இடம் தராதென்று பேர்பெற்றிருந்த சப் கம்பெனியின் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்து காட்டினார். பிரமா கம்பெனியின் பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசென்ற அறிவிப்புடன் பல்லாண்டு கடைவாசலில் இருந்தது. அதையும் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். கள்வருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதாகுமே என்று கூக்குரல் எழுந்தது. கள்வர் தங்கள் தொழிலில் முன்னமே தேர்ந்தவர்கள். அறியாதிருப்பவர்கள் சொந்தக்காரர்களே என்பது ஹாப்ஸின் கருத்து. அதன் பயனாகப் பூட்டுச் செய்பவர்கள் தங்கள் பூட்டுகளை மேலும் திருத்தினார்கள்.

சங்கத்து வேலைக்கு வருவோம். நகைப் பெட்டகத்தின் உள்பூட்டை உள்ளூர்ப் பட்டறையில் பிரிக்கவிடுதல் கூடாது. அதைச் செய்த கம்பெனியின் ஆளையே வரவழைத்தல் வேண்டும். அலுவலகக் கதவு, உரக் கிடங்கு, தஸ்தாவேஜு அலமாரி ஆகியவற்றின் பூட்டுகளை ஆசாரியிடம் கொடுக்கலாம். பூட்டைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு மறுநாள் வாங்கி வருவதைவிட, அவரைச் சங்கத்துக்கே அழைத்துப் பஞ்சாயத்தார் இருவர் முன்னிலையில் வேலையை முடித்துக்கொள்ளுதல் சிலாக்கியம். வேலை முடிந்ததும் புதுச் சாவியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னே பழைய சாவியைப் போட்டுப் பாருங்கள். அது அசைத்தாலும் ஆட்டினாலும் திறக்கலாகாது. பின்னர் கொத்திலுள்ள மற்றச் சாவிகளையும் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தல் வேண்டும். புதுச் சாவி கதவு திறந்திருக்கையில் பத்துத் தடவை பூட்டித் திறந்த பின்னரே கதவைச் சாத்த வேண்டும். இதை மறந்து, உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு.

புதுச் சாவி இரண்டு செய்யும்படி சொல்லுக. ஒன்று புழக்கத்துக்கு, மற்றொன்றை ஒருபொழுதும் புழங்காமல், உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, மத்திய கூட்டுறவு வங்கிக் கிளையில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுதல் நலம். பத்து வருஷம் புழங்கிய சாவியின் பற்கள் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்து வெட்டும் சாவி அந்தத் தேய்வையும் சேர்த்தே பெறும். பின்னர் அதைப் பார்த்து வெட்டுவது இன்னும் கெடும். புழங்காத சாவி இருந்தால் அதுவே அளவாக நின்று உதவும். செய்த சாவிகளின் தொகையையும் தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆசாரியின் கையொப்பத்தையும் வாங்கி வைக்கவும். பழைய சாவிகளை அன்றே அவர் முன்னிலையில் நசுக்கிவிடவும்.

எல்லாப் பழைய பூட்டும் திருத்தத் தகுந்ததென்று எண்ணலாகாது. சாவியை நுழைத்துப் பக்கவாட்டில் ஆட்டும்பொழுது தளதளவென்று ஆடினாலும், பாதிச் சாவி நுழைந்த நிலையிலேயே திரும்பினாலும், தகடுகளின் வெட்டு முனைகள் மழுங்கிவிட்டன என்று அறிக. அத்தகைய பூட்டை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, சங்கத்துக்குப் புதிது வாங்கலாம். குண்டூசி போன்ற முளைகள் உள்ளே அமைந்த நீண்ட உருளைப் பூட்டுகளுக்கும் சாவி மாற்றலாம். இவை அமெரிக்கரான லினஸ் யேல் 1861-இல் பதிவு செய்த முறையைச் சார்ந்தவை. முளைகளை மாற்றிப் போட்டாலே போதும். வேலையும் விரைவில் முடியும். ஆனால் அதற்கு வெவ்வேறு நீளத்தில் முளைகள் கைவசம் உள்ளவரிடமே செல்ல வேண்டும்.

பூட்டு இறுகிற்றென்றால் கைக்கெட்டிய எண்ணெயைச் சொட்டும் பழக்கம் நம்மிடையே மிகுதி. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் சில மாதத்தில் பிசினாகிவிடும். ஆடிக் காற்றில் நம் பக்கத்துச் செம்மண் தூசி அதில் ஒட்டி அரைத்த மாவைப்போல் அடையும். வில்கள் தகடுகளைத் தள்ள மாட்டாமல் நிற்கும். துருப்பிடித்த பூட்டை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, தையல் யந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயில் இரண்டு சொட்டு மட்டும் இடுக. உருளைப் பூட்டுக்கு அதுவும் வேண்டாம். பென்சிலின் கரிமுனையைச் சுரண்டி, அந்தத் தூளைச் சாவியின் மேல் தடவி இரண்டு மூன்று முறை திருப்பினாற் போதும்.