0.1 வோல்ட்டுக்குக் கணக்கு சொல்லுங்கள்: எலெக்ட்ரோலைசர் டிசைன் வேலைக்கு எட்டுப் படிகள்

பசுமை ஹைட்ரஜன் என்ற பெயரைக் கேட்டதும் ஆயிரக்கணக்கான கெமிக்கல், மெக்கானிக்கல் பட்டதாரிகள் ரெஸ்யூமேயில் 'எலெக்ட்ரோலைசிஸ்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறன் என்பது இலக்கு. எலெக்ட்ரோலைசரை இங்கேயே தயாரிக்கவும் அதில் தனியாக ஊக்கத்தொகை உண்டு. ஆகவே கூட்டம் வரத்தான் செய்யும்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது பிளஸ் டூ பாடப்புத்தகத்தின் படம்தான்: பீக்கர், இரண்டு கம்பிகள், ஒரு பேட்டரி. ஒரு செல்லில் வோல்ட்டேஜ் எங்கே செலவாகிறது, வாயு எந்த வழியாக வெளியேறுகிறது, எந்த உலோகம் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் ஒருவராக நீங்கள் ஆக வேண்டும். அதற்கான படிகள் இவை.

1. எந்தக் கதவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மின்பகுப்புக் கருவி என்பது ஒரே துறை அல்ல. கைக்கு எட்டும் கதவுகள் நான்கு. முதலாவது குளோர்-ஆல்கலி: உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன். மேட்டூர், வதோதரா, பரூச் ஆகிய ஊர்களில் பல ஆண்டுகளாக ஓடும் தொழில் இது. இரண்டாவது எலெக்ட்ரோ-குளோரினேஷன்: கடல் நீரிலிருந்தோ உப்புக் கரைசலிலிருந்தோ ஹைப்போகுளோரைட் தயாரிப்பது. கடலோர மின் நிலையங்களின் குளிர்விப்புக் குழாய்களில் சிப்பியும் பாசியும் பிடிக்காமல் காப்பது இதுதான். மூன்றாவது முலாம் பூசுதலும் உலோகப் பிரித்தெடுப்பும். நான்காவது ஹைட்ரஜன்.

எல்லோரும் நான்காவது கதவை முட்டுகிறார்கள். முதல் இரண்டு கதவுகளில் போட்டி குறைவு, கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காஸ்டிக் ஆலையில் மூன்று வருடம் செல் பராமரித்தவர் ஹைட்ரஜன் நிறுவனத்துக்குப் போனால் புதியவராக நடத்தப்பட மாட்டார். ஓடுகிற செல்லைத் தொட்டுப் பழகிய கை அவருடையது.

படிக்கும் வயதில் இருப்பவர்கள் காரைக்குடியை மறக்க வேண்டாம். 1948-ல் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் தொடங்கிய சிக்ரி, மின்வேதியியலுக்கென்றே இருக்கும் தேசிய ஆய்வகம். அங்கே பி.டெக். படிக்கலாம். மற்ற கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு முயன்று பாருங்கள்.

2. ஃபாரடே கணக்கு விரல் நுனியில் இருக்கட்டும்

மைக்கேல் ஃபாரடே 1830-களில் சொன்ன விதிதான் இந்தத் தொழிலின் அளவுகோல். ஒரு மோல் எலெக்ட்ரானுக்கு 96,485 கூலோம். இதிலிருந்து ஒரு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்: 1 கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 26,600 ஆம்பியர்-மணி.

இன்டர்வியூவில் "மணிக்கு 1 கிலோ தரும் ஆல்கலைன் ஸ்டாக் ஒன்றைப் போடுங்கள்" என்று பேப்பரை நீட்டினால் இப்படிப் போங்கள். 50 செல்களைத் தொடராக அடுக்கினால் ஒவ்வொன்றிலும் 532 ஆம்பியர் ஓட வேண்டும். கரன்ட் டென்சிட்டி சதுர மீட்டருக்கு 4,000 ஆம்பியர் என்று எடுத்தால் எலெக்ட்ரோடின் பரப்பு 0.133 சதுர மீட்டர். வட்ட வடிவில் வெட்டினால் விட்டம் சுமார் 41 சென்டிமீட்டர். செல்லுக்கு 1.9 வோல்ட் என்றால் ஸ்டாக்குக்கு 95 வோல்ட், மொத்தம் 50 கிலோவாட். ரெக்டிஃபையர் எவ்வளவு பெரிது என்பது தெரிந்துவிட்டது.

அங்கே நிறுத்தாதீர்கள். வெப்பம் கொடுக்கவும் எடுக்கவும் தேவையில்லாத தெர்மோநியூட்ரல் வோல்ட்டேஜ் 1.48. அதற்கு மேலே இருக்கும் 0.42 வோல்ட் வெப்பமாகிறது. 26,600 ஆம்பியரோடு பெருக்கினால் 11 கிலோவாட். ஆகவே கூலர் வேண்டும். தண்ணீர் செலவு மணிக்கு 9 கிலோ. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் எழுதிக் காட்டும் ஃப்ரெஷரை எந்த மேனேஜரும் எளிதில் விடமாட்டார். நடைமுறையில் கரன்ட் எஃபிஷியன்சி 100 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

3. வோல்ட்டேஜ் பட்ஜெட் போடப் பழகுங்கள்

உங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கும் திறமை இதுதான். தண்ணீரைப் பிரிக்கத் தத்துவப்படி 1.23 வோல்ட் போதும். நிஜ செல் 1.8, 2.0 என்று கேட்கிறது. மிச்சம் எங்கே போனது? ஆனோடில் கொஞ்சம், கேதோடில் கொஞ்சம், கரைசலின் மின்தடையில் கொஞ்சம், டயாஃப்ரமில் கொஞ்சம், பஸ்பார் ஜாயின்ட்டில் கொஞ்சம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தோ கணக்கிட்டோ பட்டியலிடுங்கள்.

ஒரு உதாரணம். 80 டிகிரியில் 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். எலெக்ட்ரோடுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி. மேலே சொன்ன கரன்ட் டென்சிட்டியில் இந்த இடைவெளி மட்டுமே 0.1 வோல்ட்டை ஒட்டி விழுங்கும். குமிழ்கள் நிறைந்தால் இன்னும் கூடும். 0.1 வோல்ட் என்றால் கிலோவுக்கு 2.66 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 16 ரூபாய். மணிக்கு 100 கிலோ தரும் ஆலை வருடத்தில் 8,000 மணி நேரம் ஓடினால் அந்த 0.1 வோல்ட்டின் விலை ஏறத்தாழ 1.28 கோடி ரூபாய். எலெக்ட்ரோடை டயாஃப்ரமோடு ஒட்டி வைக்கும் ஜீரோ-கேப் டிசைனுக்கு நிறுவனங்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்பதற்கு இந்த எண்ணே விடை.

அப்ரைசல் பேச்சிலும் இதையே பயன்படுத்துங்கள். "கடுமையாக உழைத்தேன்" என்ற வாக்கியத்துக்கு மதிப்பில்லை. "செல் வோல்ட்டேஜை 40 மில்லிவோல்ட் குறைத்தேன், வருடத்துக்கு இத்தனை லட்சம் மிச்சம்" என்பதை யாரும் மறுக்க முடியாது.

4. மெட்டீரியல் தெரியாதவர் டிசைனர் ஆக முடியாது

கரைசலில் நிற்கும் ஆனோடு கரைந்துபோகும். கரையாததைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி டிசைன். குளோரின் செல்லில் ஒரு காலத்தில் கிராஃபைட் இருந்தது. ஓட ஓடத் தேய்ந்தது, இடைவெளி அகன்றது, வோல்ட்டேஜ் ஏறியது. 1960-களில் ஹென்றி பீர் டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய ஆனோடைக் கொண்டுவந்ததும் தொழிலே மாறியது. நம் காரைக்குடியும் டைட்டானியத் தளத்தில் கரையாத ஆனோடை உருவாக்கிக் காட்டியது.

இந்த அட்டவணை மனதில் இருக்க வேண்டும். காரக் கரைசலுக்கு நிக்கல். ஈரக் குளோரினுக்கு டைட்டானியம். உலர்ந்த குளோரினில் அதே டைட்டானியம் தீப்பிடிக்கும். பெம் (புரோட்டான் பரிமாற்ற மெம்பரேன்) செல்லின் ஆனோடுக்கு இரிடியம். அரிதானது, விலையோ எக்கச்சக்கம். உப்புக் கரைசலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஆனோடாக வைத்தால் அரித்துப்போவதோடு நச்சான குரோமியத்தையும் கரைசலில் கலக்கும். கேஸ்கெட்டையும் விட்டுவிடாதீர்கள். சூடான காரத்தைத் தாங்குமா, போல்ட்டை இறுக்கிய பிறகு எவ்வளவு அமுங்கும் என்று கேட்டால் பதில் வேண்டும்.

கரைசலின் தூய்மையும் மெட்டீரியல் கேள்விதான். மெம்பரேன் செல்லுக்குள் போகும் ப்ரைனில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 20 பிபிபி அளவில் அடங்க வேண்டும். மீறினால் மெம்பரேனுக்குள் படிவு விழும், வோல்ட்டேஜ் ஏறும், எஃபிஷியன்சி இறங்கும். செல்லை டிசைன் செய்கிறவர் ப்ரைன் சுத்திகரிப்பையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

5. வாயுவுக்கும் ஷட்-டவுனுக்கும் வழி சொல்லுங்கள்

புதியவர்கள் செல் ஓடும் நிலையை மட்டும் வரைவார்கள். அனுபவசாலி, நிற்கும் நிலையையும் குறைந்த லோடில் ஓடும் நிலையையும் கேட்பார். கரன்ட்டைக் குறைத்தால் ஆக்சிஜன் உற்பத்தி குறையும். டயாஃப்ரம் வழியே கசியும் ஹைட்ரஜன் அதே வேகத்தில் குறையாது. ஆகவே ஆக்சிஜனில் ஹைட்ரஜனின் சதவீதம் ஏறும். 4 சதவீதத்தை ஒட்டி எரியும் எல்லை தொடங்குகிறது. அதற்கு வெகு முன்பே, 2 சதவீதத்தில், ட்ரிப் வைப்பது வழக்கம். சூரிய மின்சாரத்தில் ஓட்டப்போகும் ஆலைக்கு இது மிக முக்கியமான கேள்வி. நீங்களாகவே எழுப்புங்கள்.

பொது மேனிஃபோல்டில் ஓடும் கரைசல் வழியாக ஷன்ட் கரன்ட் திருட்டுத்தனமாகப் போகும். அதைக் குறைக்கக் கிளைக் குழாய்களை நீளமாகவும் குறுகலாகவும் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் பம்ப்பின் சுமை கூடும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர்தான் டிசைனர்.

6. ஒரு சின்ன செல்லைக் கட்டி ஆவணப்படுத்துங்கள்

சர்டிஃபிகேட் எல்லோரிடமும் இருக்கிறது. கட்டிய செல் சிலரிடமே இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் செய்யுங்கள். நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இரண்டு நிக்கல் தகடுகள், நடுவில் ஒரு தடுப்பு, கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் டிசி சப்ளை போதும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். இரு வாயுக்களும் தனித்தனி வழியில் போக வேண்டும். சேர்த்துச் சேமிக்கவே கூடாது. உப்பைப் போட்டு முயலாதீர்கள், குளோரின் வரும்.

1 ஆம்பியரை 1 மணி நேரம் செலுத்துங்கள். 0 டிகிரிக் கணக்கில் 418 மில்லிலிட்டர் ஹைட்ரஜன். 30 டிகிரி அறையில், நீராவியையும் சேர்த்தால், தலைகீழ் அளவுக்குழாயில் 480 மில்லிலிட்டரைக் கொஞ்சம் தாண்டும். உங்களுக்கு 440 தான் வந்தது என்றால் மிச்சம் எங்கே போனது? கசிவா, கலப்பா, மீட்டர் பிழையா? தேடிய விதத்தைத் தேதி போட்டு லாக்புக்கில் எழுதுங்கள். பிறகு இடைவெளியை 2, 5, 10 மில்லிமீட்டர் என்று மாற்றி வோல்ட்டேஜ் வரைபடம் போடுங்கள். அந்த ஒரு வரைபடம் பத்து ஆன்லைன் கோர்ஸுக்குச் சமம்.

முலாம் பக்கம் போகிறவர்கள் ஹல் செல்லைக் கையில் எடுங்கள். 267 மில்லிலிட்டர் கொள்ளும் சரிந்த சுவர்த் தொட்டி அது. ஒரே தகட்டில் பல கரன்ட் டென்சிட்டிகளின் விளைவைக் காட்டிவிடும். அம்பத்தூரிலோ கோவையிலோ உள்ள பட்டறைக்காரர் அந்தத் தகட்டைப் பார்த்தே கரைசலில் எது குறைகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் உங்களுக்கும் வேண்டும்.

7. செல் ஹவுஸில் நடந்துகொள்ளும் முறை

முதல் பிளான்ட் விசிட்டிலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்கள். வாட்ச், மோதிரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே கழற்றி வையுங்கள். பல ஆயிரம் ஆம்பியர் ஓடும் இடத்தில் காந்தப்புலம் வலுவாக இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். ஒரு கை செல்லிலும் மறு கை எர்த் ஆன குழாயிலும் படக்கூடாது.

ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் தியரி பேசாதீர்கள். "அண்ணே, இந்த வரிசையில் எந்த செல் வோல்ட்டேஜ் முதலில் ஏறும்? ஏன்?" என்று கேளுங்கள். ஆசிட் வாஷ் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த கேஸ்கெட் அடிக்கடி கசிகிறது, எந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் நுழையாது? டிராயிங்கில் இல்லாத தகவல் அவரிடம்தான் இருக்கிறது. அடுத்த டிசைனில் அந்த ஸ்பேனருக்கு இடம் விட்டு, யோசனை அவருடையது என்று மீட்டிங்கில் பெயரைச் சொல்லுங்கள். அதன் பிறகு பிளான்ட்டில் நடப்பது எல்லாம் உங்கள் காதுக்குத் தானாக வரும்.

8. ரெஸ்யூமேயும் இன்டர்வியூவும்

"எலெக்ட்ரோகெமிஸ்ட்ரியில் ஆர்வம்" என்ற வரியை நீக்குங்கள். பரப்பு, கரன்ட், வோல்ட்டேஜ், ஓடிய மணி நேரம், எஃபிஷியன்சி என்று எண்களாக எழுதுங்கள். சாஃப்ட்வேரில் எக்செல் முதலில், கேட் அடுத்தது, காம்சால் போன்ற சிமுலேஷன் மூன்றாவது. கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகாத வண்ணப்படத்தைக் காட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பி அண்ட் ஐடி படிக்கவும், ஹசாப் கூட்டத்தில் உட்கார்ந்து பேசவும் கற்றவர்கள் மற்றவர்களைவிட இரண்டு படி மேலே இருப்பார்கள்.

தெரியாத கேள்வி வந்தால் அளக்கும் வழியைச் சொல்லுங்கள். "ஆனோடின் பங்கு எவ்வளவு என்று சரியாகத் தெரியாது, ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு வைத்து இப்படி அளப்பேன்" என்ற பதில் நம்பிக்கை தரும். உங்கள் முறை வரும்போது நீங்களும் கேளுங்கள்: "உங்கள் செல்லில் ஓம் இழப்பு அதிகமா, ஆனோடு இழப்பு அதிகமா?" பதில் சொல்லத் தடுமாறும் டீமில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது. ஆஃபர் கையில் இருந்தாலும் யோசியுங்கள்.

அடுத்த மூன்று மாதம்

முதல் மாதம் ஃபாரடே கணக்கையும் வோல்ட்டேஜ் பட்ஜெட்டையும் எக்செல்லில் போடுங்கள். இரண்டாவது மாதம் செல்லைக் கட்டி ஓட்டுங்கள். மூன்றாவது மாதம் ஒரு காஸ்டிக் ஆலையோ முலாம் பட்டறையோ பார்த்துவிட்டு, இரண்டு பக்க ரிப்போர்ட் எழுதி, அதை இணைத்து விண்ணப்பியுங்கள். ஹைட்ரஜன் அலை ஏறலாம், இறங்கலாம். காஸ்டிக்கும் குளோரினும் முலாமும் தொடர்ந்து தேவைப்படும். செல்லில் விழும் ஒவ்வொரு 0.1 வோல்ட்டுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு இந்த நான்கு தொழில்களிலும் இடம் இருக்கிறது.