எந்த 'ஃபைனல்' கடைசி?

ஒரே கொட்டேஷன் டெஸ்க்டாப்பில் 'ஃபைனல்', லேப்டாப்பில் 'ஃபைனல் நியூ', பென்டிரைவில் 'ஃபைனல் நியூ 2' என்று கிடந்தால், வாடிக்கையாளருக்குப் போவது பெரும்பாலும் பழையதுதான். முதலில் பென்டிரைவைக் கைவிடுங்கள். எது புதியது என்று நினைவு வைக்கும் பொறுப்பை அது உங்கள் தலையிலேயே கட்டுகிறது. விண்டோஸ் 95-இல் இதற்கென்றே 'ப்ரீஃப்கேஸ்' வந்தது. அதிலும் 'அப்டேட்' அமுக்க மறந்தால் அதே கதைதான்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றில் ஒன்றை மட்டும், இரண்டு கணினியிலும் ஒரே கணக்கில் போடுங்கள். இலவச இடம் முறையே 15, 5, 2 ஜிபி. கூகுளின் 15-இல் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும். வேர்டு, எக்செல் வேலைக்கு இது தாராளம். அலுவலக ஃபைல் என்றால் நிறுவனம் தந்த கணக்கில்தான். சொந்தக் கணக்கில் ஏற்றிவிட்டு ஐ.டி. பிரிவுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீடியோ, டிசைன் என்று கனமான ஃபைல்களுக்கு சின்க்திங் என்ற மென்பொருள் நல்லது. இலவசம், எந்த சர்வரிலும் சேமிக்கப்படாமல் கணினிக்குக் கணினி போகும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். டெஸ்க்டாப்பை அணைத்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு ஒத்துவராது.

பெரிய தலைவலி, சின்க் ஆவதற்குள் ஒரே ஃபைலை இரண்டு இடத்திலும் திருத்துவது. டிராப்பாக்ஸ் எதையும் அழிக்காது. 'கான்ஃபிளிக்டட் காப்பி' என்று இன்னொன்றைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிடும். அது கண்ணில் படுவதற்குள் பில் போயிருக்கும். ஆகவே சேமியுங்கள், ஃபைலை மூடுங்கள், சின்க் முடிந்ததாகக் காட்டிய பிறகே கணினியை அணையுங்கள். அடுத்த கணினியிலும் சின்க் முடியும்வரை பொறுத்துத் திறங்கள்.

ஒன்டிரைவில் மேகக் குறி இருந்தால் ஃபைலின் பெயர் மட்டுமே உங்களிடம் இருக்கிறது. சிக்னல் இல்லாத ரயிலில் அது திறக்காது. கிளம்புமுன் ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள்.

டேலி டேட்டா, அவுட்லுக்கின் பிஎஸ்டி போல எந்நேரமும் திறந்தே இருப்பவற்றை சின்க் ஆகும் ஃபோல்டரில் வைக்காதீர்கள். பாதியில் ஏறிக் கெட்டுப்போகலாம். டேலியில் பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை மட்டும் போடுங்கள்.

லேப்டாப்பில் அழித்தால் டெஸ்க்டாப்பிலும் போய்விடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காக்கும். வாரம் ஒருமுறை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் தனியாக ஒரு காப்பி எடுத்து, முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.