லினக்ஸில் கேம் ஓடுமா? ஓடாதா?



கம்ப்யூட்டரைப் பற்றி நாம் எங்கே பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "லினக்ஸா? அதுல கேம் ஓடாதுடா!" இந்த ஒரு வாக்கியத்தால் காரைக்குடியில் எத்தனை லேப்டாப்கள் பரண்மேல் ஏறியிருக்கின்றன தெரியுமா? அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். கேம் ஓடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாஸை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் அழித்தவர்களே அதிகம். பிறகு திருட்டு சி.டி.யில் கேம் போட்டு, கூடவே வைரஸையும் போட்டுக்கொண்டார்கள்!

அந்த வாக்கியம் உண்மையா, பொய்யா? பாதி உண்மை, பாதி பொய் என்பதே என் பதில். எந்தப் பாதி எது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி

உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஓடுகிறதா? ஓடுகிறது. அந்த ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது என்ன? லினக்ஸ் கெர்னல்! 1991-இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அதே கெர்னல்தான். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்நாடி. மெமரி, பிராசஸர், டிஸ்க் எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுவே.

ஆகவே, "லினக்ஸுக்கு கேம் ஓட்டும் சக்தி கிடையாது" என்பது முழுப்பொய். அப்படியானால் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் தகராறு? கேமை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் கேம் ஒன்று திரையில் ஒரு மரத்தைக் காட்ட வேண்டுமென்றால், டைரக்ட்-எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியைக் கூப்பிட்டு, "இந்த மரத்தை வரை" என்று கேட்கும். அந்தக் கருவி 1995-இல் வந்தது. லினக்ஸில் அந்தப் பெயரில் ஆளே கிடையாது. ஓப்பன்-ஜி.எல்., வல்கன் என்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கூப்பிட்ட பெயருக்கு ஆள் வராததால் கேம் படுத்துவிடுகிறது. அவ்வளவுதான்!

லினக்ஸில் கேம்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நம்மூர் வீடுகளை வைத்தே சொல்கிறேன்.

1. சொந்த வீடு

லினக்ஸுக்காகவே எழுதப்பட்ட கேம்களும், லினக்ஸுக்கும் சேர்த்து எழுதப்பட்ட கேம்களும் இந்த வகை. இவற்றில் பல இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கும். சில உதாரணங்கள்:

சூப்பர் டக்ஸ் கார்ட் – கார் பந்தயம். டக்ஸ் என்பது லினக்ஸின் சின்னமான பென்குயின். 2019-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து நெட்வொர்க்கில் சேர்ந்தும் விளையாடலாம்.

பேட்டில் ஃபார் வெஸ்நாத் – 2003-இல் வெளிவந்த போர்த்தந்திர விளையாட்டு. சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆட வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கும் ஏற்றது.

0 ஏ.டி. – பழங்கால அரசுகளை ஆளும் விளையாட்டு. ரோமர், கிரேக்கர் மட்டுமல்ல, நம் நாட்டு மௌரியரும் உண்டு. யானைப்படையோடு போகலாம்!

டக்ஸ் பெயின்ட் – 2002 முதல் வரும் ஓவியப் பலகை. சின்னக் குழந்தைகளுக்கானது. மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரைச் சொருகியபடியேதான் ஓடும். அதில் டக்ஸ் பெயின்டும் வெஸ்நாத்தும் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. சூப்பர் டக்ஸ் கார்ட் முதலில் திக்கித் திணறியது. செட்டிங்கில் படத் தரத்தைக் குறைத்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது. 0 ஏ.டி.யில் சின்ன வரைபடம் பரவாயில்லை. படை பெருத்தால் லேப்டாப் ஆமை ஆகிவிடும்.

2. கணக்குப்பிள்ளை வீடு

நம் பக்கத்து முன்னோர் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன கதை உங்களுக்குத் தெரியும். முதலாளிக்குப் பர்மிய மொழி தெரியாவிட்டாலும் இரு மொழியும் தெரிந்த ஒரு கணக்குப்பிள்ளை கடையில் இருந்தால் போதும். வருகிறவர் பர்மிய மொழியில் கேட்பார், பிள்ளை தமிழில் சொல்வார், வேலை நடக்கும்.

லினக்ஸில் அந்தக் கணக்குப்பிள்ளையின் பெயர் வைன். 1993-இல் தொடங்கி, 15 ஆண்டு உழைப்புக்குப் பின் 2008-இல்தான் 1.0 பதிப்பு வந்தது. விண்டோஸின் எக்ஸி ஃபைல் "ஒரு விண்டோ திற" என்று கேட்டால், வைன் அதையே லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். கவனியுங்கள்: இது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு போலிக் கம்ப்யூட்டரை உண்டாக்குவது இல்லை. கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் மாற்றிக் கொடுப்பது மட்டுமே. அதனால் வேகம் பெரிதாகக் குறையாது.

கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற தளம் 2013-இல் லினக்ஸுக்கும் வந்தது. அதை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற ஒன்றை வெளியிட்டது. வைனோடு, டைரக்ட்-எக்ஸ் கேட்பதை வல்கனுக்கு மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்ற கருவியையும் சேர்த்துக் கட்டியதுதான் புரோட்டான். அன்று முதல் ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடத் தொடங்கின. 2022 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்குள் ஓடுவதும் லினக்ஸே!

ஆனால் ஓர் எச்சரிக்கை: டி.எக்ஸ்.வி.கே.வுக்கு வல்கன் தெரிந்த கிராஃபிக்ஸ் சிப் வேண்டும். பழைய லேப்டாப்களில் அது சரியாக இருக்காது. அங்கே புதிய பெரிய கேம்களை எதிர்பார்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அதே லேப்டாப்பின் விண்டோஸிலும் ஓடாது என்பதையும் மறக்காதீர்கள்.

3. பூட்டிய வீடு

நம்மூரில் எத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன! வீடு உறுதி, தேக்குத் தூண் உறுதி. ஆனால் சாவி எங்கோ ஒரு பங்காளியிடம் இருக்கும். நாம் வாசலில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

சில ஆன்லைன் கேம்கள் இப்படித்தான். காரணம், அழுகுணி ஆட்டத்தைப் பிடிக்கும் காவல் மென்பொருள். தாயத்தில் சோழியைத் திருப்பி வைப்பவரை நாம் கண்ணால் பார்த்துப் பிடிக்கலாம். ஆன்லைனில் அது முடியாது அல்லவா? அதனால் கேமோடு ஒரு காவல்காரரும் கம்ப்யூட்டருக்குள் வருகிறார். வேலரன்ட் கேமின் வேன்கார்டு என்ற காவல்காரர் விண்டோஸின் கெர்னல் வரை உள்ளே போய் உட்காருகிறவர். லினக்ஸில் அவர் இல்லை, ஆகவே வேலரன்டும் இல்லை.

இன்னொரு செய்தி வியப்பாக இருக்கும். ஈஸி ஆன்டி-சீட் என்ற காவல் மென்பொருள் எபிக் நிறுவனத்துக்குச் சொந்தம். 2021-இல் அது லினக்ஸுக்கும் வழி திறந்தது. ஆனால் அதே எபிக், தன் சொந்த கேமான ஃபோர்ட்நைட்டுக்கு அந்த வழியைத் திறக்கவில்லை! ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறவர்கள் வருகிறார்கள் என்று சொல்லி 2024 அக்டோபரில் அதன் நிறுவனம் கதவைச் சாத்திவிட்டது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? ஆள் கணக்குதான். ஸ்டீமில் விளையாடுகிறவர்களைக் கணக்கெடுத்ததில், லினக்ஸ்காரர்கள் 2025 அக்டோபரில்தான் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். 100 பேரில் 3 பேர்! "மூணு பேருக்காக நான் எதுக்குக் கடை திறக்கணும்?" என்று அவர்கள் நினைக்கிறார்கள். கடை இல்லை என்று ஆள் வருவதில்லை, ஆள் இல்லை என்று கடை திறப்பதில்லை.

ஆக, உங்களுக்கு வேலரன்ட் மட்டும்தான் வேண்டும் என்றால் லினக்ஸ் உங்களுக்கு இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிச் செய்தி: தமிழ்நாடும் லினக்ஸும்

• 2006–08 காலத்தில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார்.
• பாஸ் லினக்ஸை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். முதல் பதிப்பு 2007-இல் வந்தது. இது டெபியன் லினக்ஸ் குடும்பம்.
• விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது.
• 2012 முதல் 'கணியம்' என்ற மின்னிதழ் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே தருகிறது.

அப்படியானால் நமக்கு என்ன லாபம்?

பூட்டிய வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சொந்த வீட்டின் அருமை தெரியாது. நான் கண்ட இரண்டு லாபங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. இன்று அதே லேப்டாப்பில் நான் பைத்தான் பழகுகிறேன், என் தங்கை படம் வரைகிறாள். யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, திருட்டு சி.டி.யும் போடவில்லை.

இரண்டு, உள்ளே கைவைத்துப் பார்க்கும் உரிமை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வெஸ்நாத்தில் ஒரு போர்வீரனின் உயிர் எவ்வளவு, அடி எவ்வளவு என்பதெல்லாம் சாதாரண எழுத்து ஃபைலில் இருக்கிறது. திறந்து எண்ணை மாற்றினால் ஆட்டமே மாறும். ஒரு வீரனுக்கு உயிரை 10 மடங்கு ஆக்கிப் பார்த்தேன். இரண்டே ஆட்டத்தில் சலித்துவிட்டது! எண்களைச் சமமாக வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் புரிந்தது.

டக்ஸ் பெயின்டில் 'முத்திரை' என்று ஒரு வசதி உண்டு. ஒரு படத்தைப் பி.என்.ஜி. வடிவில் அதன் முத்திரை ஃபோல்டரில் போட்டால், குழந்தைகள் அதை அச்சுக் குத்துவதுபோலக் குத்தலாம். எங்கள் வீட்டு ஆத்தங்குடி டைல்ஸை போட்டோ எடுத்துப் போட்டேன். கூடவே ஒரு எழுத்து ஃபைலில் தமிழில் பெயரும் எழுதினேன். தங்கை அதைக் குத்திக் குத்தி ஒரு முழு முகப்பையே கட்டிவிட்டாள். பணம் கொடுத்து வாங்கும் பல கேம்களில் இப்படிக் கைவைக்க முடியாது.

யோசித்துப் பாருங்கள். ஆடு புலி ஆட்டத்துக்கு யார் முதலாளி? யாரும் இல்லை. திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டால் ஆட்டம் தயார். வேண்டுமென்றால் விதியை மாற்றிக்கொள்கிறோம். யாரும் வந்து பூட்டுவதில்லை. திறந்த மூலநிரல் கேமும் அந்த மாதிரிதான்.

செய்து பாருங்கள்

1. உடனே எதையும் அழிக்காதீர்கள். லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு 'லைவ்' ஆக ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பில் இருப்பது அப்படியே இருக்கும்.
2. இன்ஸ்டால் செய்யும் முன் போட்டோ, பாடக் குறிப்பு எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.
3. கேம்களைக் கண்ட இடத்தில் டவுன்லோடு செய்யாமல், லினக்ஸோடு வரும் மென்பொருள் பட்டியலிலிருந்தே எடுங்கள்.
4. விண்டோஸும் வேண்டுமா? இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். சண்டை தேவையில்லை.

பிளஸ் டூவில் நமக்குப் பைத்தான் பாடம் இருக்கிறது. அதை வைத்து ஆடு புலி ஆட்டத்தை நாமே கம்ப்யூட்டரில் செய்யலாம் என்று ஆசைப்படுகிறேன். 23 புள்ளிகளுக்கும் எண் கொடுத்து, எந்தப் புள்ளியிலிருந்து எதற்கு நகரலாம் என்று ஒரு பட்டியல் எழுதினால் பாதி வேலை முடிந்தது. படம் வரையத் தெரிந்தவர், ஆட்டம் நன்றாக ஆடத் தெரிந்தவர், தப்புக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் எல்லாரும் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் வாசலுக்கு வாருங்கள். வீட்டில் ஆச்சி, ஐயா யாருக்காவது பழைய விதிகள் தெரிந்திருந்தால் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

சிந்தனைக்கு: 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் 3 புலிகளையும் 15 ஆடுகளையும் இறக்கியாகிவிட்டது. ஒரு ஆடுகூட வெட்டுப்படவில்லை. காலியாக இருக்கும் புள்ளிகள் எத்தனை? (விடை: 5. அந்த ஐந்து புள்ளிகளுக்குள்தான் முழு ஆட்டமும்!)



– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு