சொல்லாமல் எடுக்கும் படம்: தெருவில் போட்டோ பழகலாம் வாங்க!

கேமராவைத் தூக்கினாலே நம்ம ஊரில் எல்லாரும் காலரைச் சரிசெய்து, கையைக் கட்டி, மூச்சைப் பிடித்து நின்றுவிடுவார்கள். அது ஸ்டூடியோ போட்டோ. யாரையும் நிறுத்தாமல், அவரவர் வேலையில் இருக்கும்போதே எடுப்பதற்குக் ‘கேண்டிட்’ படம் என்று பெயர்.

ஆரம்பத்தில் இது முடியாத காரியம். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோவிலைப் படம் எடுத்தார். அடிப்பகுதிக் கல்வெட்டை மட்டும் 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அந்தக் காலப் பெட்டிக் கேமராவில் ஒரு படத்துக்கே பல விநாடி ஆகும். கல் அசையாது, சரி. மனிதன் நடந்தால் புகை மாதிரிதான் விழுவான். 1925-ல் லைக்கா என்ற சின்ன கேமரா விற்பனைக்கு வந்த பிறகுதான் தெருவில் இறங்கி எடுப்பது எளிதானது.

அந்த லைக்காவால் பெயர் வாங்கியவர் பிரான்ஸ் நாட்டு ஆன்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன். 1932-ல் பாரிஸில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், வேலி இடுக்கு வழியாக, தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரை எடுத்தார். குதிகால் தண்ணீரைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை. அவ்வளவுதான் படம், உலகம் பூரா பேசுகிறது! கேமராவின் பளபளப்பு தெரியாமல் இருக்கக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தாராம். நம்ம தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில்தான் இருந்தார்.

ரயிலடியும் தேங்கிய தண்ணீரும் நீடாமங்கலத்தில் இல்லையா என்ன! நான் பழகியது ரயில்வே கேட் பக்கத்தில். கேட் போட்டால் பஸ், டூவீலர், பூக்கூடை, டியூஷன் பிள்ளைகள் எல்லாம் நிற்கும். காத்திருக்கிறவர்கள் கேமராவைக் கவனிப்பதில்லை. (தண்டவாளத்துக்குள் இறங்காதீர்கள். வெளியே நின்றாலே போதும்.)

ஆளைத் துரத்தக் கூடாது. நல்ல வெளிச்சம் விழும் சுவரையோ கடை வாசலையோ முதலில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஆள் தானாக வருவார். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை வெளிச்சம் சாய்வாக விழும். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடம் குழியாகத் தெரியும்.

அண்ணனுடைய பழைய செல்போனே போதும். லென்ஸைத் துணியால் துடையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள். விரலால் ஜூம் செய்தால் படம் புள்ளி புள்ளியாகும். அதைவிட ரெண்டு எட்டு முன்னே போகலாம். ஷட்டர் வேகம் மாற்ற வசதி இருந்தால் நடப்பவருக்கு 1/250, சைக்கிளுக்கு 1/500 வைத்துப் பாருங்கள்.

எதை எடுக்கக் கூடாது? ஆற்றுப் படித்துறையில் குளிப்பவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் அழுபவர்கள், போதையில் விழுந்து கிடப்பவர்கள். இதில் எனக்கு ரெண்டாவது பேச்சே இல்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் வீட்டாரைக் கேட்க வேண்டும். எடுத்த பிறகு யாராவது “வேணாம்பா” என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

போன குறுவை அறுவடையின்போது ரோட்டோரம் நெல் காயவைத்த ஒரு பாட்டியை, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே வானத்தைப் பார்க்கும்போது எடுத்தேன். பிறகு காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் ஏன் மேல பாக்குறேன்னு இதுல தெரியுமா?” என்று கேட்டார். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மழை வந்தால் காய்ச்சல் எல்லாம் வீண். “அதையும் எழுதிப் போடு” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம், தேதி, என்ன நடந்தது என்று ரெண்டு வரி எழுதுகிறேன். இல்லாவிட்டால் அது ‘அழகான பாட்டி’ படமாகத்தான் சுற்றும்.

நல்லதாக வந்த படத்தைப் பிரிண்ட் போடும்போது ரெண்டாகப் போடுங்கள், ஒன்று படத்தில் இருப்பவருக்கு. பாட்டி தன்னுடையதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார். இன்னொன்று, அவர் சம்மதத்தோடு, இந்தத் தாளின் கீழ் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. விரல் வைத்துத் தேய்க்காமல் பாருங்கள்!