மாமல்லபுரத்து மணலில் ரோமானிய வெள்ளியா?

"மாமல்லபுரம் பக்கம் மணலைக் கிளறினாலே ரோமானிய வெள்ளிக்காசு கிடைக்கும்" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. பல்லவர் துறைமுகம், சங்ககாலக் கடல் வாணிகம், தெற்கே அரிக்கமேடு. இத்தனை இருக்கும் இடத்தில் வெள்ளி இல்லாமலா போகும் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு உதைக்கிறது. தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி கடலோரத்தில் அல்ல, கொங்கு நாட்டில் கிடைத்தது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் 522 காசுகள். அதே ஊரில் 1891-இல் இன்னொரு 547. பொள்ளாச்சி, கரூர், உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகளே. மேற்குக் கரையிலுள்ள முசிறியில் இறங்கிய பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே ஏறியது. அந்த வழியில்தான் படியூரின் பச்சைக்கல்லும் கொடுமணலின் மணிப் பட்டறைகளும் இருந்தன. வெள்ளி குவிந்ததும் அங்கேதான்.

செங்கல்பட்டுக் கரையின் கதை வேறு. பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரத்தில் 1970-இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தவை செங்கல் தொட்டிகள், உறைகிணறு, உள்ளே வரிவரியாகப் பொறித்த வட்டில்கள், கூர்முனைச் சாடிகளின் ஓடுகள். பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நீர்ப்பெயற்றுத் துறை இதுதான் என்பார் சிலர். இல்லை, மாமல்லபுரம்தான் என்பார் வேறு சிலர். எதுவானாலும், சரக்கு ஏறி இறங்கிய இடத்தில் எஞ்சி நிற்பது ஓடுதான். காசு யார் கைக்குப் போனதோ அவர் ஊரில் போய்ப் புதையும். ஓட்டிலும் அவசரப்படக் கூடாது. இந்தியாவில் ரோமானியச் சாடி என்று எழுதி வைத்தவற்றில் பல உண்மையில் மெசபடோமியாவிலிருந்து வந்தவை என்று 2007-இல் ஆய்வாளர் ராபர்ட்டா டாம்பர் காட்டினார்.

மாமல்லபுரத்தில் ரோமானியக் காசே இல்லையா என்றால், தியோடோசியஸ் காசு ஒன்று சில வரலாற்று நூல்களில் பேசப்படுகிறது. ஆனால் முதலாம் தியோடோசியஸ் ஆண்டது 379 முதல் 395 வரை. டைபீரியஸ் இறந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழிந்த காலம். அப்போது கரூருக்கும் மதுரைக்கும் இலங்கைக்கும் வந்து குவிந்தவை சுண்டுவிரல் நகமளவு செப்புக்காசுகள். பச்சை பூத்துக் கிடப்பவற்றை எடுக்கக்கூட யாரும் குனிய மாட்டார்கள். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி குனிந்தார். கரூர், மதுரைச் செப்புக்காசுகளைப் பற்றி 1994-இல் தனி நூலே வெளியிட்டார். வெள்ளிக்காக மட்டும் கண்ணை வைத்திருந்தால் இந்தக் கரையின் ரோமானியக் காலத்தில் பாதி தவறிப்போகும்.

"புரியாத எழுத்துள்ள வெள்ளிக்காசா? அப்படியானால் ரோமானியம்தான்!"

நம் கரையில் அப்படி ஒன்று கிடைத்தால் அது ஆற்காட்டு ரூபாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையில் நாணயச் சாலையே இருந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் இருந்தார்கள். அவர்கள் கம்பெனியின் முத்திரை போட்ட செப்புத் துட்டும் கிடைக்கலாம். நகைக்கடைத் தராசு ஒன்று போதும். டைபீரியஸ் காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஆற்காட்டு ரூபாய் சுமார் 11 கிராம். பாரசீக எழுத்தா லத்தீன் எழுத்தா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டைபீரியஸ் காசே என்று உறுதியானாலும், "கி.பி. 30-இல் இங்கே ரோமானியர் குடியிருந்தார்கள்" என்று உடனே எழுதிவிடக் கூடாது. 64-ஆம் ஆண்டில் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளி இந்தியப் புதையல்களில் அரிது. நம் வணிகர்கள் பழைய கனமான காசையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆகவே டைபீரியஸ் தலை பொறித்த காசு, அவன் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் கப்பலேறியிருக்கலாம். கொண்டுவந்தவன் ரோமானியனாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

விலை பற்றிய பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டைபீரியஸின் வெள்ளிக்காசு ஒரே வகையாக, அவன் ஆட்சிக்காலம் பெரும்பாலும் மாறாமல் அச்சானது. உலகச் சந்தையில் அரிய பொருள் அல்ல. லட்சம், கோடி என்று சொல்பவர் பெரும்பாலும் வார்ப்புப் போலி விற்பவர்.

"தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு கூடும்" என்பது இதையெல்லாம்விடக் கெடுதலான நம்பிக்கை. புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் பொடி என்று வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பிரயோகிப்பார்கள். கருத்த படலத்தோடு முகத்தின் நுணுக்கங்களும் போய்விடும். முகத்தில் வெட்டு விழுந்த காசை ஒதுக்குவதும் அப்படித்தான். புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலை மேல் உளி வெட்டு இருந்தது. அது சேதமல்ல, வேண்டுமென்றே போட்டது. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

கடைசி நம்பிக்கை, "சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்." 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணில் கிடைத்ததன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமை கோர யாரும் வராவிட்டால் மூலச் சட்டப்படி கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசு எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. 4 கிராம் வெள்ளியின் உலோக மதிப்புக்காக யார் அலுவலகப் படியேறுவார்கள் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். சட்டம் அந்த இடத்தில் கஞ்சத்தனமானது. அதனால்தான் பல காசுகள் நேரே உருக்குச் சட்டிக்குப் போகின்றன. பழைய காசைச் சேர்த்து வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது, கூரியரிலும்தான்.

எந்த ஊர், எந்தச் சர்வே எண், எவ்வளவு ஆழம், கூட என்ன ஓடு கிடந்தது என்பதை அன்றே எழுதுங்கள். இரு பக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், எடையைக் குறியுங்கள், தேய்க்காமல் காகிதத்தில் மடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். ஆட்சியரிடமே தெரிவிக்க 2019-க்கு முன்பு காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. இப்போது ஆட்சியர் செங்கல்பட்டிலேயே இருக்கிறார்.