காடு காத்த வேட்டைக்காரர்

வேட்டைக்காரர் என்றதும் அவரை விலங்கினத்தின் பகைவர் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா அமைவதற்கு அரும்பாடுபட்டவர் ஒரு வேட்டைக்காரரே ஆவார்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும்போது அங்குள்ள அழகிய பழைய புகைவண்டி நிலையத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை வடிவமைத்தவர் ஆர்தர் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர். அவருடைய தம்பியே தியோடர் ஹப்பக். இவர் மலாயாவில் தோட்டத்துரையாக இருந்தவர். பெருவிலங்கு வேட்டையில் பேர் பெற்றவர். யானை, செலாடாங் எனப்படும் காட்டெருது ஆகியவற்றை வேட்டையாடியதைப் பற்றி 1905 ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார்.

காட்டில் பல்லாண்டுகள் திரிந்த அவர், காடுகள் அழிவதையும் விலங்குகள் அருகி வருவதையும் கண்ணாரக் கண்டார். வேட்டையாடியவரே விலங்குகளுக்காக வாதாடத் தொடங்கினார். 1930 இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தின் பொறுப்பை ஏற்றார். 1932 இல் அதன் அறிக்கை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1938, 1939 ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா தோன்றியது. நாடு விடுதலை பெற்றபின் அது 'தாமான் நெகாரா' எனப் பெயர் பெற்றது. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர்.

அப்படியாயின் வேட்டை நன்மையானதா? அன்று, வரம்பே நன்மையானது. 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றிப் பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாடுவது குற்றம். பெண் விலங்கையும் குட்டியையும் கொல்வோருக்குத் தண்டனை கடுமையானது. தாயும் குட்டியும் மடிந்தால் இனம் எவ்வாறு பெருகும்?

தூண்டில்காரர்க்கும் இவ்வறம் பொருந்தும். தாமான் நெகாராவில், தகான் ஆற்றின் லுபோக் தெனோர் என்னுமிடம் கெலா மீன்களின் காப்பிடமாகும். அங்கே தூண்டில் போடுவதற்குத் தடை உண்டு. மீன்களுக்கு உணவிட்டுக் கண்டு மகிழலாம்.

தோட்டங்களில் வாழும் பெற்றோர்களே! காட்டுப் பன்றிக்கென வைக்கும் கம்பிக் கண்ணி, பன்றி எது, புலி எது என்று அறியாது. மலாயாப் புலிகள் இன்று 150க்கும் குறைவு எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சுமத்திரா காண்டாமிருகமோ 2019 இல் நம் நாட்டிலிருந்து அறவே மறைந்துவிட்டது. இன்று நம் காட்டில் அவ்விலங்கை நாம் காண இயலாது.

ஆகவே, கண்ணியைக் கண்டால் வனவிலங்குத் துறையினருக்கு அறிவிப்போம். சிறு மீன் சிக்கினால் ஆற்றிலேயே விடுவோம். வேட்டைக்காரரே உணர்ந்த உண்மையை நாமும் உணர்ந்து நடப்போமாக!

வினாக்கள்

1. தியோடர் ஹப்பக் விலங்குகளுக்காக வாதாடக் காரணம் யாது?
2. பெண் விலங்கைக் கொல்வது ஏன் பெருங்கேடு?
3. கம்பிக் கண்ணியால் விளையும் தீமை யாது?